மூன்று சுழி

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றது.
கண்டக்டர் இறங்கி டீ குடித்தார்.
கணவாய்க் காற்று ஜன்னல் தகரத்தை
ஆட்டிக்கொண்டே இருந்தது.

அப்புறம் மூன்றாவது நிறுத்தம்.
கள்ளுஷாப்பைத் தாண்டினால்
முன்னாள் ஜனாதிபதி நினைவில்லமும் நூலகமும்.
டிக்கெட் பத்து ரூபாய், கேமராவுக்கு ஐம்பது.
கேமரா இல்லை என்றேன்.
போன் உண்டல்லோ சேச்சி என்றாள்
கவுண்டர்ப் பெண். சரிதான்.

அவர் கிடந்த தொட்டில் என்கிறது பலகை.
வார்னிஷ் போன வாரத்தது.
வெள்ளி யானை, வெள்ளி ஒட்டகம்,
இப்போது வரைபடத்தில் இல்லாத ஒரு நாடு
அன்போடு அளித்த தட்டு.
மூக்குக்கண்ணாடி இரண்டு;
ஒன்றின் காதுக்கம்பி நூலால் கட்டியது.
அந்த நூல் எனக்குப் பிடித்திருந்தது.

தர்பார் நாற்காலியின் நகலில்
கொழிஞ்சாம்பாறைப் பள்ளிப் பிள்ளைகள்
வரிசையாக உட்கார்ந்து எழுந்தார்கள்.
ஒருவன் எழ மறுத்தான்.
உன் பதவிக்காலம் முடிஞ்சது, இறங்குடா
என்றார் டீச்சர்.

நூலகத்தில் அவர் புத்தகங்களுக்குப் பூட்டு.
வெளிமேஜையில் நாலு பையன்கள்
பி.எஸ்.சி. வினாத்தாள் புரட்டுகிறார்கள்.
மின்விசிறிக்கு நேர்கீழே ஒருவர் தூங்குகிறார்.

நான் பார்க்க வந்தது மேஜையை.

கோவை கோர்ட் வாசலில்
பக்கம் மூன்று ரூபாய்க்குத் தட்டச்சு அடித்தவள் நான்.
ஓர் ஐப்பசி மழையில் வேலாத்தாள் வந்தார்.
மகன் கிட்டுசாமிக்குத் தூக்கு.
மேதகு என்று தொடங்கி
வக்கீல் சொல்லச் சொல்ல அடித்தேன்.
அன்றைக்குப் பார்த்து என் மெஷினில்
ண உடைந்து கிடந்தது.
கருணை வரவேண்டிய இடமெல்லாம் கருனை.
பதினேழு இடம்.
பேனாவால் திருத்தட்டுமா என்றேன்.
ரிஜிஸ்டர் தபால் நாலு மணியோட சரி என்றார் வக்கீல்.
வேலாத்தாள் கட்டைவிரலை மையில் அழுத்தினார்.
அந்த ரேகையில் சுழிக்கு ஒரு குறையும் இல்லை.

பெரியவர் தமிழ் படித்தவர்,
எழுத்துப்பிழை பொறுக்காதவர் என்று
பிறகு பேப்பரில் போட்டார்கள்.
அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது.

மூன்று வருஷம் பதில் இல்லை.
மறுத்தார் என்றில்லை, மன்னித்தார் என்றுமில்லை.
நாலாவது வருஷம்
ஜெயில் ஆஸ்பத்திரியில் மஞ்சள்காமாலை.
கோப்பு தன்னைத்தானே மூடிக்கொண்டது.

மேஜை சின்னதுதான், தேக்கு.
காய்ந்த மைப்புட்டி, பேனா,
விரித்துவைத்த கோப்பில் வெறும் வெள்ளைத்தாள்.
மனுவெல்லாம் எங்கே என்று கேட்டேன்.
சட்டைப் பட்டையில் சஜிதா என்றிருந்தவள்
அதொக்கெ டெல்லியிலாணு, சேச்சி;
இவ்விட பிறந்தநாள் வாழ்த்து மட்டும் என்றாள்.

கண்ணாடிக்குள் ஒரு வாழ்த்து.
ஏழாம் வகுப்பு மாணவியின் கையெழுத்து.
'தாங்கல் நீடூழி வாழ்க.'
ல மேல் சிவப்பு மையில் வட்டம்.
ஓரத்தில் அவருடைய சுருக்கொப்பம்,
அதன் கீழே
'உடன் பதில் அனுப்புக.'

இரண்டு தரம் படித்தேன்.
அப்படியென்றால் என் ண காரணமில்லை.
நிம்மதி வரும் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன்.
வரவில்லை.
இத்தனை வருஷம்
ஒரு காரணமாவது கையில் இருந்தது.

வாசலில் பார்வையாளர் புத்தகம்.
எனக்கு முன்னால் யாரோ சூப்பர் என்று எழுதியிருந்தார்.
சணலில் கட்டிய பேனா, இரண்டு உதறலில் எழுதியது.
பெயர் போட்டேன். ஊர் போட்டேன்.
கருத்து என்ற கட்டத்தில்
ண என்று மட்டும் போட்டேன்,
மூன்று சுழியும் நிதானமாக.
சஜிதா எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது செக்போஸ்ட்டில்
காக்கிச்சட்டை ஒருவர் ஏறி
பையில் என்ன, கள்ளா என்றார்.
டிபன் பாக்ஸ் என்றேன்.
திறந்து காட்டச் சொன்னார்.
காட்டினேன்.